டப்பா லென்ஸ்காரரின் நீர்நாய்

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறவர்கள் ஒன்பது பேர். அவர்களில் எட்டுப் பேரை வாட்ச்மேனுக்கு ஷிப்ட் நம்பரை வைத்துத்தான் தெரியும். ஆனால் வாசலில் யாராவது வந்து "கேமராக்காரர் இருக்காரா?" என்று கேட்டால் யோசிக்கவே மாட்டான், இரண்டாம் நம்பர் பம்ப் ஹவுஸ் பக்கம் கையை நீட்டிவிடுவான். அந்தப் பட்டம் அவருக்குப் பிடிக்கும். ஆபரேட்டர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். கேமராக்காரரே என்று கூப்பிட்டால் எழுந்து வருவார்.

வயது ஐம்பத்து மூன்று. மெலிந்த உடம்பு, கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர், வாய் நிறைய அறிவுரை. பொறாமை அவருக்குச் சர்க்கரை வியாதி மாதிரி. கூடவே இருக்கும், சில மாதம் ஏறும், சில மாதம் இறங்கும். தம்பி வீடு கட்டியபோது ஏறியது. கூடச் சேர்ந்தவன் ஃபோர்மேன் ஆனபோது இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்னும் தலை நரைக்காததைக்கூட அவரால் சும்மா விட முடியவில்லை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். "நல்லாயிருக்கட்டும்" என்பார். ஒரு தரம் சொன்னால் அது வெறும் வாழ்த்து, இரண்டு தரம் சொன்னால் உள்ளே எரிகிறது என்று அவர் மனைவி கணக்கு வைத்திருந்தாள்.

பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் ஒரு குளம். வடிகட்டிகளைக் கழுவுகிற சேற்றுத் தண்ணீரை அங்கே விட்டுக் கசடைத் தங்க வைப்பார்கள். சுற்றிலும் கோரை ஆள் உயரத்துக்கு நிற்கும். வேலி போட்ட இடம், ஆள் நடமாட்டம் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், பேனலில் ரீடிங் குறித்துவிட்டுக் கை கால் நீட்டப் பின்பக்கம் போனவர், குளத்து நடுவில் ஒரு பழுப்புத் தலை முளைப்பதைப் பார்த்தார். அது அவரை ஏற இறங்கப் பார்த்தது. மூக்கால் ஒரு சீறல் சீறிவிட்டு முங்கிப் போனது. நீர்நாய்! நிலையத்தில் ஒருவரும் நம்பவில்லை. பெருச்சாளியாக இருக்கும் என்றார்கள், தூக்கக் கலக்கம் என்றார்கள். படம் பிடித்துக் காட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கு மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

லென்ஸ் கிடைத்தது தற்செயலாகத்தான். பழுதான பிரஷர் கேஜைக் கொடுக்கப் போன கடையில், பழைய அளவைக் கருவிகளோடு அலமாரியில் கிடந்தது. குட்டையாக, தடியாக, பவுடர் டப்பா மாதிரி இருந்தது. முன்பக்கக் கண்ணாடியின் நட்ட நடுவில் வட்டமாக ஒரு கறுப்பு அடைப்பு. இது மிரர் லென்ஸ் என்றார் கடைக்காரர். உள்ளே முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி இரண்டு இருக்கிறது, வெளிச்சம் பின்னால் போய் முட்டி முன்னால் வந்து, முன்னால் முட்டி மறுபடியும் பின்னால் போகும், அதனால் முழங்கை நீளத்துக்கு இருக்க வேண்டிய தொலைநோக்கு லென்ஸ் உள்ளங்கையில் அடங்கிவிட்டது என்று விளக்கினார். அவரைவிடப் பத்து வயதுதான் இளைய சாமான். வாங்கிக்கொண்டு வந்து, ஒரு இடைவளையம் போட்டு, பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றில் மாட்டினார். அன்று முதல் அது வீட்டிலும் வேலையிலும் டப்பா.

டப்பாவுக்குச் சில குணங்கள் உண்டு. தானாக ஃபோகஸ் செய்யாது, கையால் வளையத்தைத் திருகித்தான் கொண்டுவர வேண்டும். மயிரிழை தவறினால் போச்சு. இன்னொன்று, பின்னால் தண்ணீரில் வெயில் பட்டுப் பளிச்சிடுகிற புள்ளிகளெல்லாம் படத்தில் குட்டிக் குட்டி வளையங்களாக விழும். முதல் படங்களைப் பார்த்த அன்றைக்கு மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீசியன். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் ரத்தத்தைப் பார்க்கிறவள். நடுவில் வெளிறிப்போய் ஓரத்தில் தடித்திருந்த அந்த வளையங்கள் அவளுக்கு வேறு எதுவாகவும் தெரியவில்லை.

"உங்க குளத்துக்கு ரத்தசோகைங்க. சிவப்பணு எல்லாம் நடுவுல வெளுத்துக் கெடக்கு. இரும்புச்சத்து மாத்திரை போடுங்க."

அவர் சிரிக்கவில்லை. கலை தெரியாதவர்கள் பேச்சு என்று விட்டுவிட்டார்.

நாலு வருஷத்தில் எண்ணூறு படம். எல்லாவற்றிலும் நீர்நாய் இருந்தது. எல்லாவற்றிலும் அது ஏதோ பால் ஆடைக்குப் பின்னால் இருந்த மாதிரியும் இருந்தது. பெருச்சாளி இல்லை என்று நிரூபிக்க அது போதும். அந்த வகையில் அவர் ஜெயித்துவிட்டார். ஏன் இப்படி மங்கலாக இருக்கிறது என்று யாராவது கேட்டால் பதில் தயாராக வைத்திருந்தார். மிரர் லென்ஸ் என்றால் அப்படித்தான், பழைய சரக்கு, ஃபோகஸ் வளையம் கடைசியில் இருக்கிற தொலைதூரக் குறியையும் தாண்டிச் சுற்றுகிறது பாருங்கள், செய்யும்போதே கோளாறு, இதை வைத்துக்கொண்டு இந்த அளவுக்கு எடுப்பதற்கே என் மாதிரி ஆள் வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கேமராவின் சின்ன ஜன்னலுக்குள் பார்த்தால் எது தெளிவு, எது மங்கல் என்று அவர் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. கண் டாக்டரிடம் போவதற்கு ரோஷம். அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தார். நீர்நாய் மீனைத் தூக்கிக்கொண்டு ஏறுவது எப்போதும் ஒரே பாறையில். அவர் உட்காருவது எப்போதும் ஒரே சுவர் ஓரம். நடுவில் இருபது மீட்டர், அது மாறப்போவதில்லை. ஒரு மத்தியானம் பாறைமேல் செய்தித்தாளை விரித்து வைத்து, ஒரு படம் எடுப்பதும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதுமாக இருபது தடவை நடந்து, எழுத்து தெளிவாக விழுந்த இடத்தில் வளையத்தின்மேல் மஞ்சள் டேப் ஒன்றை ஒட்டினார். அதற்கப்புறம் டேப்பைக் குறிக்கு நேராக வைப்பார், பட்டனை அழுத்துவார்.

அந்த வருஷம் நிலையத்தின் முகப்புக் கூடத்தைப் புதுப்பித்தார்கள். உள்ளே நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவருக்கு ஆறடி அகலத்தில் ஒரு படம் வேண்டும் என்றார் என்ஜினியர். நீர்நாய் வாழ்கிற தண்ணீர் என்றால் அதைவிடப் பெரிய சான்றிதழ் எது? "உங்க படம்தான் போடறோம். புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள குடுத்துடுங்க" என்று எல்லார் எதிரிலும் சொன்னார். கீழே படம் எடுத்தவர் பெயர் வரும் என்றும் சொன்னார். கேமராக்காரர் வீட்டுக்கு நடந்துதான் போனார், ஆனாலும் கால் தரையில் பட்டதாக நினைவில்லை. தம்பி வீட்டுச் சுவரில் இருப்பது வெறும் காலண்டர்தானே!

புதன்கிழமைக்கு முந்தின ஞாயிறு. அன்றைக்குப் பார்த்துக் காலை ஏழு மணிக்கு வடிகட்டியைக் கழுவுகிற முறை வந்தது. தண்ணீரை அடியிலிருந்து மேலே திருப்பி விட்டு மணலை அலசுகிற வேலை. இருபது நிமிஷம் வால்வை விட்டு நகரக் கூடாது. நீர்நாய் வருகிற நேரமும் அதே ஏழு மணி. வேறு வழியில்லாமல், லீவில் இருந்த மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவர் ஓரம் ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"வளையத்தத் தொடாத. மார்க் போட்டு வச்சிருக்கேன். வந்தா பட்டன மட்டும் அழுத்து."

"வரலைன்னா?"

"வரலைன்னா சும்மா உக்காரு."

"அது எனக்கு நல்லாவே வரும்" என்றாள் அவள்.

வால்வைத் திருப்பிவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் ஸ்டூலில் அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள். குட்டியோடு வந்தது, இரண்டு குட்டி, நாலைந்து தடவை அழுத்தினேன் என்று சொல்லிவிட்டுக் காலை உதறிக்கொண்டு எழுந்தாள். அவர் கேமராவை வாங்கித் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

தாய் நீர்நாய் பாறைமேல் நின்றது. மீனை இரண்டு கையாலும் பிடித்திருந்தது, சின்னப் பிள்ளை சோளக்கதிரைப் பிடிக்கிற மாதிரி. மீசையில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக. ஒரு மயிர் நுனியில் தண்ணீர்ச் சொட்டு. அடிவயிற்றோடு ஒட்டிக்கொண்டு இரண்டு குட்டிகள், ஒன்று கேமராவையே பார்த்தது. பின்னால் குளம் முழுக்க வெளிச்ச வளையங்கள்.

அவருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அது வந்த வேகத்திலேயே இடறி விழுந்தது.

குறை தேட ஆரம்பித்தார். வால் நுனி வெட்டுப்பட்டிருக்குமா? இல்லை. சாய்ந்திருக்கிறதா? இல்லை. நீர்நாயின் கண்ணைத் திரையில் பெரிதாக்கினார், அதில் எதிரே இருந்த சுவர்கூடத் தெரிந்தது. சுவர் ஓரம் ஸ்டூலில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. அது அவர் இல்லை.

"வளையத்தத் தொட்டியா?"

"தொட்டேன்."

"தொடாதன்னு சொன்னேன்ல?"

"மங்கலாத் தெரிஞ்சுதுங்க. மங்கலாத் தெரிஞ்சா கை தானாத் திருகும். கொஞ்சம் தாண்டிப் போய், கொஞ்சம் திரும்பி வந்தா எடம் கெடைச்சிடும். ஸ்லைடு பாக்கற மாதிரிதானே. இருபத்திரண்டு வருஷமா வேற என்ன பண்றேன் நான்?" என்றாள். அப்புறம் ஏதோ நினைவு வந்தவளாக, "உங்க படத்துல எல்லாம் பாறைக்கு முன்னாடி இருக்கற புல்லு மட்டும் நல்லாத் தெரியும், பாத்திருக்கீங்களா? மார்க்க மாத்திப் பாருங்க" என்றாள்.

"நல்லாயிருக்கட்டும்" என்றார் அவர். "நல்லாயிருக்கட்டும். நல்லாயிருக்கட்டும்."

மூன்று தரம். அவள் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதுவரை அவர் பொறாமைப்பட்டதெல்லாம் வெளியாட்கள்மேல். வெளியாள் என்றால் ஒரு வசதி, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். இப்போது அது கதவுக்கு உள்ளே இருந்தது. டீ போட்டுக் கொடுத்தது, துணி மடித்தது, மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னது. அவள் குழம்பில் உப்புப் பார்க்கும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும் அவர் அந்த விரல்களையே கவனித்தார். நூல் ஒரே தடவையில் போனது. இருபத்தாறு வருஷமாக ஒரே தடவையில்தான் போகிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். அவளுக்கு அது ஒரு பெருமையாகவும் இல்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கொஞ்சம் அலட்டிக்கொண்டாலாவது திட்டலாம்.

சாயங்காலம் வெளியூரில் இருக்கும் மகள், அம்மா அனுப்பிய படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள், யார் எடுத்தது என்று சொல்லாமல். பாராட்டு கொட்டியது. மாமா பின்னிட்டீங்க என்றான் மச்சினன். இத்தனை வருஷ உழைப்பு அண்ணே என்று தம்பியே எழுதினான். வாழ்நாளில் தம்பி அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவர் வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் போட்டார். அது நன்றியும் இல்லை, பொய்யும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த அறையில் அவள் போன் டிங் என்றது. அவள் வந்து ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தார். கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் அந்தப் படத்தைக் கேமரா கார்டிலிருந்து பென்டிரைவுக்கு மாற்றி, கூட வேலை செய்கிறவர்களுக்குக் காட்ட லேபுக்கு எடுத்துப் போனாள். அவர் ஐந்தரைக்கே குளத்துக்குப் போனார். லாக்கரைத் திறந்தார். டப்பா இருக்கிற லாக்கர் ஓயாமல் ஓடுகிற பெரிய மோட்டாருக்குப் பக்கத்தில், எப்போதும் கதகதப்பாக இருக்கும். பாறைமேல் செய்தித்தாளை வைத்து டேப் குறியில் எடுத்துப் பார்த்தார். எழுத்து கலங்கியிருந்தது. அரைமணி கழித்து, டப்பா காலைக் குளிரில் ஆறிய பிறகு அதே குறியில் எடுத்தார். இன்னும் மோசம். ஆனால் முன்னால் இருந்த புல் மட்டும் கத்தி மாதிரி. மத்தியானம் வெயிலில் மறுபடியும் எடுத்தார். எழுத்து அச்சு மாதிரி விழுந்தது. அப்போதுதான் உறைத்தது. சூட்டுக்கும் குளிருக்கும் அந்த உலோக டப்பா விரிகிறது, சுருங்குகிறது, ஃபோகஸும் கூடவே நகர்கிறது. வளையம் தொலைதூரத்தைத் தாண்டிச் சுற்றுவது கோளாறே இல்லை. சூட்டில் நகர்ந்தாலும் தொலைதூரம் கைநழுவிப் போகாமல் இருக்கத்தான் செய்தவர்கள் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். மத்தியானத்தில் ஒட்டின குறியை வைத்துக்கொண்டு நாலு வருஷம் காலையில் படம் எடுத்திருக்கிறார். எண்ணூறு படமும் புல்லைப் பார்த்து எடுத்தவை.

செவ்வாய்க்கிழமை டேப்பைப் பார்க்காமல் கண்ணால் திருகிப் பார்த்தார். நீர்நாய் வந்தது, பெருந்தன்மையோடு பாறைமேல் நாலு நிமிஷம் உட்கார்ந்தது. அவர் இந்தப் பக்கம் திருகினார், அந்தப் பக்கம் திருகினார். ஜன்னலுக்குள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. எடுத்த முப்பதில் ஒன்றும் தேறவில்லை. அந்த விரல்களைத் திருடிக்கொண்டு வரவா முடியும்?

புதன்கிழமை அவர் எடுத்துப் போன பென்டிரைவில் ஒரே படம்தான் இருந்தது. எண்ணூறில் பொறுக்கிய அவருடைய படம். என்ஜினியர் அறையில் படத்தை அச்சடித்துத் தரப்போகிற பிரஸ்காரம்மா லேப்டாப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். படத்தைத் திறந்து, பெரிதாக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"புல்லு சூப்பரா இருக்கு சார். நீர்நாய்க்குத்தான் மூஞ்சி இல்ல."

என்ஜினியர் கிட்டே வந்து பார்த்தார். ஆறடிக்கு இழுத்தால் வெறும் பழுப்புக் கறைதான் தெரியும் என்றாள் அவள். வேறு படம் இருக்கிறதா என்று என்ஜினியர் கேட்டார்.

"இல்ல சார்."

நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. பிரஸ்காரம்மா கவலைப்படவேண்டாம் என்று தன்னிடம் இருந்த தொகுப்பிலிருந்து வேறு ஒரு நீர்நாயைக் காட்டினாள். ஏதோ ஒரு பனிப்பிரதேசத்து நீர்நாய், தலைவாரிவிட்ட மாதிரி ரோமம், பக்கத்தில் பனிக்கட்டி. பனியை வெட்டிவிடலாம் என்றாள். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது என்றார் என்ஜினியர். ஒரு மணிக்கு அச்சுக்குப் போகும்.

அவர் பம்ப் ஹவுஸுக்கு நடந்தார். நெஞ்சு லேசாக இருந்தது. பாதி தூரம் போனபிறகுதான் அது நிம்மதி என்று தெரிந்தது. எதற்கு நிம்மதி? அவள் படம் சுவரில் ஏறாது என்கிற நிம்மதி. அவர் அப்படியே நின்றுவிட்டார். வேலியில் தெருநாய் நுழைகிற ஓட்டையைக் கம்பி வாங்கிவந்து அடைத்தவர் அவர். கோரையை வெட்ட ஆள் வந்தபோது குட்டி போடுகிற காலம் முடியட்டும் என்று மன்றாடித் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். தாடைக்கு அடியில் வெள்ளைத் திட்டோடு இருக்கிற அந்தத் தாய் இங்கே இருபது மீட்டரில் இருக்கும்போது, படத்தில் பனியை வெட்டிவிட்டு எவளையோ கொண்டுவந்து சுவரில் மாட்டி, இதுதான் நம்ம நீர்நாய் என்று சொல்லப்போகிறார்கள். அவர் வாயைத் திறக்காததால். எவளோ ஒருத்தி வரட்டும், தன் வீட்டுக்காரி மட்டும் வரக் கூடாது என்று நினைத்திருக்கிறார். முகம் சுட்டது. வெயிலால் இல்லை.

மணி பன்னிரண்டரை. பம்ப் இரைச்சல் கேட்காத மூலைக்குப் போய் லேபுக்குப் போன் போட்டார்.

"பிரஸ்ல படம் கேக்கறாங்க. உன்கிட்ட பென்டிரைவ்ல இருக்கில்ல, அத அவங்க மெயிலுக்கு அனுப்பு, ஐடி தர்றேன். ஒரு மணிக்குள்ள."

"உங்க படம் என்னாச்சு?"

"அது ஆகாதாம்."

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் சுழன்று நிற்கிற சத்தம் கேட்டது.

"உங்களுக்குப் பரவாயில்லையா?" என்றாள்.

"பரவாயில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். நீ அனுப்பு."

அவள் குரலைத் தணித்துக்கொண்டு, "கீழ ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்றேங்க. எடம், லென்ஸு, எல்லாம் உங்களோடதுதானே" என்றாள்.

அவர் அதை மனசுக்குள் எழுதியே பார்த்துவிட்டார். இரண்டு பெயர். அவருடையது முதலில், கொஞ்சம் பெரிய எழுத்தில். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"வேண்டாம். எடுத்தவ பேரு போதும்" என்று சொல்லிவிட்டு, மனசு மாறுவதற்குள் போனை வைத்தார். என்ஜினியரிடம் போய், இன்னொரு படம் இருக்கிறது, நான் சொன்னது பொய் என்று சொல்ல அவருக்கு இன்னும் பத்து நிமிஷம் ஆனது. படத்தை எடுத்தது அவள்தான் என்று குடும்பக் குழுவில் இரண்டே வரி எழுத அன்று சாயங்காலம் வரை ஆனது. தம்பி உடனே பதில் போட்டான்: அண்ணிக்கு வாழ்த்துகள்.

பத்து நாள் கழித்துப் படம் சுவரில் ஏறியது. ஆறடியிலும் மீசை மயிர் ஒன்றுகூடக் கலங்கவில்லை. கீழே அவள் பெயரும், லேப் டெக்னீசியன் என்பதும். திறப்பு நாளில் அவள் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு வந்து பார்த்துவிட்டு, குட்டி கொஞ்சம் குண்டாக விழுந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவர் அடுத்த மூன்று நாளும் பக்கவாட்டுக் கதவு வழியாகவே வேலைக்கு வந்தார். நாலாம் நாள் அங்கே குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். முகப்புக் கூடம் வழியாக வருவதைத் தவிர வேறு வழியில்லை.

படத்துக்குக் கீழே, விருந்தாளிகளுக்காகப் போட்ட நாற்காலியில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்தான்.

"அண்ணி எடுத்தது அப்படியே உயிரோட நிக்குதுண்ணே. நேத்து வந்தவங்க எல்லாம் பத்து நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போனாங்க."

அவர் நடந்துகொண்டேதான் இருந்தார். இரண்டு அடி தாண்டியபிறகு முடியவில்லை, திரும்பிவிட்டார்.

"அவ மொத்தமே இருபது நிமிஷம்தான்டா உக்காந்தா. நான் நாலு வருஷமா உக்காந்திருக்கேன்."

"அதத்தாண்ணே நானும் வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றான் வாட்ச்மேன்.